கைக்கு வந்த புறா

எங்கள் வீட்டு கேட்டில், ஜாக்கெட் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் ‘புறா கொடுப்பதில்லை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மழையில் அழியும், மறுபடி எழுதுவேன். ஒருவரும் படிப்பதில்லை. படிக்கிறவர்களும் அது மற்றவர்களுக்கு எழுதியது, நமக்கில்லை என்ற முகத்தோடு கேட்டைத் திறந்துகொண்டு வருகிறார்கள். போன வாரம் சாலவாக்கம் பக்கத்திலிருந்து ஒருவர் வண்டியில் வந்து இறங்கினார். கையில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. புறாவுக்கு மூச்சுமுட்டக் கூடாதாம். என்ன கரிசனம்!

“எங்கப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சும்மா. உங்க வூட்டுப் புறாவுல குணமாவுதுன்னு சொன்னாங்க. ஒண்ணு குடுத்தீங்கன்னா போதும்,” என்றார்.

கத்தரிக்கோலை மெஷின்மேல் வைத்துவிட்டுத்தான் அவருக்குப் பதில் சொன்னேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சைப் பேசுவது நல்லதில்லை.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அப்பாவுக்காக அலைகிறவர். அவருக்கு இதைச் சொல்லி அனுப்பினார்களே, அவர்கள்மேல்தான் கோபம். நடந்தது என்ன என்று இந்த ஊரில் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது உத்திரமேரூருக்கும் திருப்புலிவனத்துக்கும் நடுவில். நான் வீட்டிலேயே தைக்கிறேன். வீட்டுக்காரருக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நாலு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் ஒரு ஜோடிப் புறா மாடிப்படிக்கு மேலிருக்கும் தகரத்தின் கீழ் வந்து ஒண்டியது. யாரோ வளர்த்து விட்டதாக இருக்கும். மழை விட்டும் போகவில்லை. நான் ஒரு பிடி கம்பு வைத்தேன். அவ்வளவுதான், என்னைப் பிடித்துக்கொண்டன.

முதல் எதிர்ப்பு என் ஓர்ப்படியிடமிருந்து வந்தது. வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார்கள். கொடியில் காய்ந்த துணியை எடுக்க வந்தவள்போல வந்து, மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

“இன்னாமே இது? பாழடைஞ்ச எடத்துலதான் புறா அடையும். நல்லா வாழற வூட்டுல வெச்சா வூடு வெளங்குமா? அதுவும் ஒரு பொம்பள புறா வளக்கறது எந்த ஊர்லமே கீது?”

ஆம்பளை வளர்த்தால் விளங்குமா அக்கா என்று கேட்டேன். அன்றிலிருந்து பத்து நாள் பேசவில்லை. அந்தப் பத்து நாளில் நான் ஒரு பழைய ஆப்பிள் பெட்டியைச் சுவரில் அடித்து, அதில் மண்சட்டி வைத்து, தேங்காய் நார் போட்டுக் கூடு தயார் செய்துவிட்டேன். நார் போதவில்லை என்று ஆண்புறா என் துடைப்பத்திலிருந்து ஒவ்வொரு குச்சியாக உருவிக்கொண்டு போயிற்று. ஒரு மாதத்தில் துடைப்பம் பாதியாகிவிட்டது.

பிறகு இரண்டு முட்டை. அடைகாப்பதில் அவை வைத்திருக்கும் ஒழுங்கைப் பார்த்து அசந்துபோனேன். சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலைவரை பெண். பத்து மணி வாக்கில் ஆண் வந்து நிற்கும். அது எழுந்துகொள்ளும், இது உட்காரும். நாலு மணிவரை இதன் ஷிப்ட். ஒருநாள் தவறவில்லை. பதினெட்டாம் நாள் ஓட்டில் சின்னக் கீறல். மத்தியானத்துக்குள் கண் திறக்காத, மஞ்சள் மயிர் ஒட்டிய, உடம்பைவிட மூக்கு பெரிதான ஒரு ஜீவன் வெளியே வந்தது. புறாக்குஞ்சைப்போல அவலட்சணமான குஞ்சு உலகத்தில் இல்லை. அதற்குத் தாய், தகப்பன் இரண்டுமே தொண்டையிலிருந்து பால் கக்கி ஊட்டும். ஆமாம், தகப்பனும்தான். இதை என் வீட்டுக்காரரிடம் இரண்டு மூன்று தடவை சொன்னேன். அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஜோடி பெருகி எட்டாயிற்று. நான் சொல்ல வந்த புறா போன வருஷம் தை மாதம் பொரித்தது. அது பிறந்து எட்டாம் நாள் தாயைப் பூனை கொண்டுபோய்விட்டது. தகப்பன் மிரண்டுபோய் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்துகொண்டு இறங்கவே இல்லை. காலையில் பார்த்தபோது சட்டியில் ஒரு குஞ்சு பனியில் விறைத்துச் செத்திருந்தது. மற்றதைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது, ஆனால் அசைந்தது. அப்படியே எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு கீழே வந்தேன். அரை மணி நேரத்தில் சூடு ஏறி, என் நெஞ்சைக் கொத்த ஆரம்பித்தது. பசி.

முதலில் தப்புத்தான் செய்தேன். காக்கைக் குஞ்சு வாயைப் பிளக்கும், கோழிக்குஞ்சு தானே பொறுக்கும்; புறாக்குஞ்சு இரண்டும் செய்யாது. அது தாயின் வாய்க்குள் தன் மூக்கை விட்டுத்தான் உறிஞ்சும். நான் ஸ்பூனால் ஊற்றப்போய், குஞ்சுக்குப் புரையேறி, அது பிழைத்ததே பெரிது. பிறகு போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஊசி போடும் சிரிஞ்சின் முனையை அறுத்துவிட்டு, அந்த வாயில் ரப்பர் கையுறைத் துண்டைக் கட்டி, நடுவில் சின்ன ஓட்டை. அதை நீட்டினால் தாயின் வாய் என்று நினைத்து மூக்கை நுழைத்துவிடும். கேழ்வரகு மாவும் பொட்டுக்கடலை மாவும் கலந்த கஞ்சி. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பிள்ளைக்குப் பால் ஆற்றுகிற பதத்தில் கொடுக்க வேண்டும். ஆறிப்போனால் கழுத்துப் பையில் தங்கிப் புளித்துவிடும். இரண்டு மணிக்கொருதரம் பையைத் தொட்டுப் பார்த்து, காலியானால் மறுபடி. நூல்கண்டுப் பெட்டியில் வெட்டுத்துணி போட்டு, மேலே ஒரு குண்டு பல்பு தொங்கவிட்டேன். கரண்டு போனால் மறுபடி ஜாக்கெட்டுக்குள். நான் குனிந்து தைக்க, அது உள்ளே கீச்சென்று கத்த, அளவு கொடுக்க வந்த பெண்கள் சிரித்துச் சிரித்துச் செத்தார்கள்.

பிழைத்துவிட்டது. மூன்றாம் வாரம் ஊறவைத்த பச்சைப்பயறு, பிறகு கம்பு. உடம்பு முழுக்க வெள்ளை, இடது இறக்கையில் மட்டும் காப்பி நிறத்தில் ஒரு இறகு. அடையாளத்துக்குக் காலில் சிவப்பு நூல் கட்டினேன். பறக்க வந்த பிறகும் அது மற்றப் புறாக்களோடு சேராது. காலையில் ஒரு சுற்றுப் பறந்துவிட்டு, ஜன்னல் வழியாக வந்து மெஷின்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஹூக்குகளைக் கொத்திக் கீழே தள்ளும். ஒரு கல்யாணப் பட்டு ரவிக்கையில் எச்சமிட்டு எனக்குத் திட்டு வாங்கிக் கொடுத்தது. யார் கையை நீட்டினாலும் வரும். மனிதக் கை என்றால் சாப்பாடு. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை அப்படிப் பழக்கியவள் நான். எனக்கு அப்போது அதில் ரொம்பப் பெருமை.

ஆடி மாதம் வீட்டுக்காரரின் அண்ணன் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வாய் கோணி விழுந்துவிட்டார். நான் மாமா என்று கூப்பிடுகிற மனுஷர். நல்லவர். அதிர்ந்து பேசமாட்டார். பித்தம் தலைக்கேறிவிட்டது என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்து, மத்தியானம்வரை பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். அந்த நேரம்தான் போயிற்று. காஞ்சிபுரத்தில் பத்து நாள் இருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. பேச்சு குழறியது. வாரம் மூன்று நாள் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கைகால் பயிற்சி எடுக்கவேண்டும், விட்டுவிட்டால் கை இறுகிவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். சீட்டை என் ஓர்ப்படி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அதோடு சரி.

மறுநாளே என் வாசலில் வந்து நின்றாள்.

“உன்கிட்ட ஒரு வெள்ளப் புறா கீதே, அத்தக் குடு. உயிர்ப் புறாவ அறுத்து, சூடு ஆறறதுக்குள்ள ரத்தத்த கையில தேய்க்கணுமாம். தேச்சு, துணி சுத்தி, மூணு நாள் வெளிய போவாம இருந்தா கை எழுந்துக்குமாம்.”

என் காதையே நம்ப முடியவில்லை. “ஏன்க்கா, புறா வெச்சா வூடு வெளங்காதுன்னு சொன்னது நீதானே? வூட்டுக்கு ஆவாத புறா கைக்கு மட்டும் எப்டிக்கா ஆவும்?” என்றேன்.

“வெளயாடாத. உன் மாமா உசுரு.”

“மாமாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ. வெயில்ல கஷ்டமா இருந்தா ஆட்டோ சொல்றேன்.”

“ஆஸ்பத்திரிக்குப் போனவங்கல்லாம் எழுந்துட்டாங்களா? ஒரு பறவைக்காக மனுஷன வுட்டுடுவியா நீ?”

தெருவில் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். சிவன் கோயிலில் எத்தனையோ மாடப்புறா இருக்கிறதே, அதில் ஒன்று பிடித்துக்கொள்ளேன் என்றேன். அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி வீட்டுப் புறாவைத் தொட்டால் குற்றமாம். தையல்காரி வீட்டுப் புறாவைத் தொட்டால் வைத்தியமாம்! கொடுக்கமாட்டேன் என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினேன்.

அந்த வெள்ளிக்கிழமை லைனிங் துணியும் நூலும் வாங்க உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் போனேன். பஸ் தாமதம். திரும்பும்போது நாலு மணி. வீட்டுக்காரருக்கு அன்று லீவு. அடுப்படியில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. மூடியைத் திறந்தேன். மிளகு தூக்கலாகப் போட்ட சூப்பு. நல்ல வாசனைதான். பசி வேறு. டம்ளரை எடுத்துவிட்டேன்.

“யாரு குடுத்தாங்க? இன்னா கறி?” என்று கேட்டேன்.

“அண்ணி குடுத்தனுப்பிச்சாங்க,” என்றார். என்ன கறி என்று சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

நான் மாடிக்கு ஓடினேன். பா, பா என்று கூப்பிட்டேன். ஏழு புறா தகரத்தின்மேல் இருந்தன. அது வரவில்லை.

பிறகு அவர் வாயாலேயே கேட்டேன். கையில் ஒரு பிடி கம்புத் தானியத்தோடு மாடிக்குப் போயிருக்கிறார். மற்றவை எல்லாம் விர்ரென்று பறந்துவிட்டன. இது மட்டும் பறந்துவந்து அவர் மணிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது. துரத்திப் பிடிக்கவேண்டிய அவசியமே இல்லை. அண்ணன் வீடுவரைக்கும் கையிலேயே உட்கார்ந்து வந்ததாம். “நா பிடிக்கக்கூட இல்லமே, அதுவாத்தான் வந்துச்சு,” என்றார். ஏதோ அது சம்மதித்து வந்த மாதிரி!

“எங்கண்ணன் படுத்துக்கினு கீறாரு. நா இன்னா பண்றது?” என்று கடைசியில் அழுதார். அவர் அழுததைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வரவில்லை. அண்ணனுக்காக என்றால் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கலாம். அதற்கு நாள் கிடைக்காதாம். புறா பிடிக்கக் கிடைத்ததாம்.

தூக்கை எடுத்துக்கொண்டு ஓர்ப்படி வீட்டுக்குப் போனேன். மாமா கட்டிலில் இருந்தார். வலது கை முழுக்க வேட்டித் துணி சுற்றி, துணி ஊறிக் கருஞ்சிவப்பாகக் காய்ந்திருந்தது. ஈ மொய்த்தது. தூக்கை என் ஓர்ப்படியின் முன்னால் வைத்தேன்.

“கொன்னது பத்தாதுன்னு எனக்கும் பங்கு குடுத்தனுப்பறியா? இன்னா மனசு உனக்கு!”

“பச்ச ரத்தம் குடுத்த புண்ணியம் உனக்குத்தான சேரும், அதான் குடுத்தனுப்பனேன்,” என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. மனதார நம்பிச் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கத்தினேன். தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். மாமா கட்டிலிலிருந்து ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் கழித்துத் துணியை அவிழ்த்தார்கள். கை அப்படியே தொங்கியது. இன்னொரு புறா வேண்டுமோ என்று பேச்சுக் கிளம்பியது என் காதுக்கு வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு அந்த வீம்பு வந்தது. சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சீட்டை நானே உருவினேன். “நா இட்டுக்கினு போறேன். எவளும் தடுக்காதீங்க,” என்றேன். இந்தக் கை எழுந்தால் எதனால் எழுந்தது என்று ஊர் கண்ணால் பார்க்கட்டும். இனி ஒரு புறாவுக்கும் கத்தி வைக்காது. அதுதான் என் கணக்கு.

மூன்று மாதம் வாரத்துக்கு மூன்று நாள், மெஷினை மூடிவிட்டு மாமாவை டவுன் பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஏறும்போது இடுப்பைப் பிடித்துத் தூக்குவேன். கண்டக்டர் மேலேயிருந்து இழுப்பார். பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பொறுமைசாலி. வீட்டில் செய்யச் சொன்னதையும் நான்தான் செய்யவைத்தேன். என் பட்டன் டப்பாவை அவர் முன்னால் கொட்டி, சட்டைப் பட்டனை வேறாக, சுடிதார் பட்டனை வேறாகப் பொறுக்கச் சொல்வேன். முதல் மாதம் ஒரு பட்டன்கூட எடுக்கவில்லை. இரண்டாம் மாதம் கட்டைவிரல் அசைந்தது. ஒருநாள் பஸ்ஸில் வரும்போது குழறிக் குழறிச் சொன்னார்: “உன் புறாவாமே... எனக்குத் தெர்யாதும்மா. தெரிஞ்சிருந்தா வாணான்னு சொல்லிருப்பேன்.” நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் குடும்பத்தில் அதைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

கார்த்திகை மாதம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பந்தியில் மாமா வலது கையால் டம்ளரைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். கை நடுங்கியது, ஆனால் சிந்தவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த நிமிஷம் என் ஓர்ப்படியின் குரல் பந்தி முழுக்கக் கேட்டது.

“எல்லாம் புறா ரத்தந்தான்! அதுவும் சொம்மா புறா இல்ல, என் ஓர்ப்படி கையில வெச்சு ஊட்டி வளத்த புறா. அதான் கைக்கு அப்டி வேல செஞ்சிகீது!”

நான் இலையிலிருந்து எழுந்தேன். “மூணு மாசம் பஸ்ஸுல இட்டுக்கினு போனது யாரு? பட்டன் பொறுக்க வெச்சது யாரு? கேளுங்க அவர!” என்றேன்.

“அதுவும்தான்,” என்றாள் ஒருத்தி சமாதானமாக. “ஆனா மொத வைத்தியம் புறா ரத்தந்தானே.” எல்லோரும் தலையாட்டினார்கள். மாமா நடுங்கும் கையை இலைமேல் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். மனைவி பேசும்போது அவர் என்றைக்கும் குறுக்கே பேசியதில்லை. அன்றைக்காவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேச்சு வருவதற்கும் சேர்த்துத்தானே அவரை அழைத்துக்கொண்டு அலைந்தேன்!

அவர்கள் வாயை அடைக்க வேண்டுமென்று நான் எழுப்பிய கை, அவர்களுக்கே சாட்சியாகிவிட்டது. இப்போது வாரம் ஒருவராவது வருகிறார். எல்லோரும் ஒரே மாதிரி கேட்கிறார்கள். சாலவாக்கத்துக்காரரும் நான் முடியாது என்றதும் அதைத்தான் கேட்டார்: “காசுக்கு வாங்கற புறா வாணாம்மா. அது சந்தையிலயே கெடைக்குது. நீங்க கையில ஊட்டி வளத்தது ஒண்ணு இருந்தா சொல்லுங்க. அதுலதான் பலிக்குதாம்.” அவருக்கு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு வழி எழுதிக் கொடுத்தேன். எந்த நாளில் பயிற்சி, எத்தனை மணிக்குப் போகவேண்டும், எல்லாம். சீட்டை மடித்து அந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக்குப் போனாரோ இல்லையோ.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது என் மெஷினுக்குக் கீழே நூல்கண்டுப் பெட்டியில் ஒரு குஞ்சு இருந்தது. அவருக்குத் தெரியாது. போன மாதம் தாய் ஒதுக்கிவிட்ட குஞ்சு. விட்டிருந்தால் செத்திருக்கும், எடுத்துவிட்டேன். ஆனால் இதை வேறு மாதிரி வளர்க்கிறேன். கையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டுதான் கஞ்சி கொடுத்தேன். ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. ‘பா, பா’ என்று ஒருநாளும் கூப்பிடவில்லை. அப்படியும் இறக்கை முளைத்ததும் நேராக என் தோளுக்குத்தான் வந்தது.

தட்டை எடுத்துக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். மிரண்டு பறந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. மறுபடி தட்டினேன். விளையாட்டு என்று நினைத்ததோ என்னவோ, நாலு நாள் விடாமல் வந்தது. நாலு நாளும் தட்டினேன். தட்டிவிட்டு அழுதேன், அழுதுகொண்டே திட்டினேன். புறாவை அல்ல.

நேற்றுக் காலையில் தட்டில் கம்பு போட்டு மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். மற்றவை இறங்கி வந்தன. அது பக்கத்து வீட்டுத் தொட்டிமேல் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் தட்டை வைத்துவிட்டுப் படியிறங்கிக் கதவைச் சாத்தும்வரை வரவில்லை. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பயந்து பயந்து தின்றது.

பிழைத்துக்கொள்ளும். என் கையைக் கண்டே பயப்படக் கற்றுக்கொடுத்துவிட்டேன். இதை என்னைச் செய்யவைத்த ஒருத்தரையும் நான் மன்னிக்கப்போவதில்லை.